ஜமீலா டீச்சர் காரில் பொருத்திய கூலர்

ஜமீலா டீச்சர் போய்விட்டார் என்று அவர் தங்கை போனில் சொன்னபோது, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமே இருக்கவில்லையாம். செய்தியைக் கேட்ட பிறகும் ஐந்தாறு தாள்களைத் திருத்தியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

கீழக்கரையில் அவரிடம் படித்த உங்களுக்கு அவர் இயற்பியல் டீச்சர். பக்கத்து வகுப்பில் பதினோரு வருடம் கணக்கு நடத்திய எனக்கு, காருக்கு அடியில் படுத்திருந்த டீச்சர்.

அவர் கணவர் துபாயிலிருந்து சிறுநீரகம் பழுதாகித் திரும்பியவர். டயாலிசிஸுக்கு மதுரை போக வேண்டும். டீச்சருக்கு இடது முழங்கால் மடங்காது, கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் பழைய ஆட்டோமேடிக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். வெயிலில் பரமக்குடியைத் தாண்டினால் கியர்பாக்ஸ் கொதித்துவிடும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது. ஒருமுறை அவர் கணவர் கருவேல மர நிழலில் இரண்டு மணி நேரம் கிடந்தார்.

மெக்கானிக் கியர்பாக்ஸையே மாற்றச் சொன்னார். "சூடாகுறது ஆயிலு. ஆயில ஆற வச்சாப் போதும்ல?" என்று என்னிடம் கேட்டார் டீச்சர். ஒரு கூலரைத் தபாலில் வரவழைத்தார். சின்ன ரேடியேட்டர் போல இருக்கும். கியர் ஆயில் அதற்குள் சுற்றிவந்து காற்றில் ஆறும்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை சும்மாதான இருப்பீக? வாங்க, எனக்கு இன்னும் ரெண்டு கை வேணும்" என்று என்னைக் கூப்பிட்டார்.

அவர் வீட்டு வாசலில் முன்பக்க பம்பரைக் கழற்றினோம். ரேடியேட்டருக்கு முன்னால் கூலரை வைத்து போல்ட் முடுக்கினோம். ஆயில் கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயைப் பிரித்ததும் சிவப்பு ஆயில் என் சேலையில் கொட்டியது. புது ரப்பர் ஹோஸ்களை மாட்டி, அவை கழலாமல் பிடிக்க நான்கு கிளாம்புகள் போட்டோம். மூன்றை அவர் இறுக்கினார். நான்காவதை நான் இறுக்கிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து என் அய்யா போனில் அழைத்தார். பேசிவிட்டு வந்து, "முடிஞ்சிருச்சு" என்றேன். இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டும் கசியவில்லை.

செவ்வாய்க்கிழமை மதுரைக்குத் துணையாக என்னையும் அழைத்துப்போனார். சத்திரக்குடி தாண்டியதும் எனக்குள் அரிக்கத் தொடங்கியது. போனுக்குப் பிறகு அந்தக் கிளாம்பைத் தொட்டேனா? பின்சீட்டில் அவர் கணவர் கண்மூடிக் கிடந்தார். நிறுத்தினால் நேரமாகும். நிறுத்தாமல் போனால்? நகத்தைக் கடித்துக் கடித்துப் பரமக்குடி நெருங்கியபோது சொல்லிவிட்டேன்.

"டீச்சர், ஓரங்கட்டுங்க. நான் முடுக்குன கிளாம்பு மேல எனக்கு நம்பிக்கையில்ல."

விரலால் திருகினாலே கிளாம்பு சுற்றியது. ஹோஸ் நுனியில் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. கொதிக்கும் தார் ரோட்டில் சாக்கை விரித்துப் படுத்து, அவரே இறுக்கினார். குறைந்த அளவுக்கு, டிக்கியில் வைத்திருந்த ஆயிலை ஊற்றினார்.

"என்ன ஜமீலா, மறுபடியும் நின்னுருச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நிக்கல. நாங்கதான் நிறுத்துனோம்."

திட்டுவார் என்று நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச தூரம் பேசாம வந்திருந்தீகன்னா ஆயில் பூரா ரோட்டுல போயிருக்கும். அதான் சொல்லிட்டீகல்ல, ஏறுங்க" என்றார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அதன்பின் அந்தக் கார் வழியில் நிற்கவே இல்லை. மூன்று வருடம் கழித்து அவர் கணவர் வீட்டில், தம் கட்டிலில்தான் கண்ணை மூடினார்.

போன மாதம் பள்ளி மாடிப்படியில் டீச்சர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நாக்கு நுனி வரை வந்தது. தேர்வு முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று எங்கள் பள்ளி ஆயாவின் கால் வீங்கியிருந்தது. "அடுத்த வாரம் காட்டிக்கிறேன் டீச்சர்" என்றார். "இல்ல, இப்பவே போவோம்" என்று கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன். ஜமீலா டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த அவசரம்தான். ஒரு மாதம் முன்னால் வந்திருக்க வேண்டியது.