மஞ்சள் சுவரில் கொசுத்தேனீ

திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குப் பின்தெரு. காட்டுத் தேனீக்கள் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கின்றன என்று வரைபடத்தில் குறிப்பது என் வேலை. போன வருடம் குறித்த புள்ளியைத் தேடி வந்திருக்கிறேன். அப்போது இந்த வீட்டுச் சுவரில் ஒரு துளையும், அதன் வாயில் விரல் நீள மெழுகுக் குழாயும் இருந்தன. உள்ளே கொசுத்தேனீக் கூடு. இப்போது புதுச் சிமெண்ட், மேலே மஞ்சள் பெயின்ட். நாலைந்து தேனீக்கள் அந்த இடத்தையே முட்டிக்கொண்டிருக்கின்றன.

வீட்டுக்கார அம்மா மோர் நீட்டுகிறார்.

"பொண்ணுக்குக் கல்யாணம்மா, அதான் பூசினோம். நாங்க ஜைனருங்க, தேனைக் கையாலகூட தொட மாட்டோம். மேஸ்திரி புகை போடறேன்னாரு, நான் விடல. வெயில் ஏறி எல்லாம் பூவுக்குப் போவட்டும், அப்புறம் அடைன்னுட்டேன். ஒரு உசுரும் போவல. ஒரு வாரமா இங்கியே சுத்திக்கினு இருக்குதுங்க. வேற எடம் பாத்துக்கும் இல்ல?"

மோரைக் கீழே வைக்கிறேன்.

"ராணி பூவுக்குப் போகாதும்மா. குஞ்சுங்களும் போகாது."

அவர் சுவரைப் பார்க்கிறார். உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரோடு வருகிறார். நான் வாங்கக் கை நீட்டுகிறேன், தரவில்லை. அவரே குத்துகிறார். மஞ்சள் சில்லுகள் புடவையில் விழுகின்றன. கடைசியில் துளை திறக்கிறது.

இருவரும் குனிந்து காத்திருக்கிறோம். வரிசையாக எறும்புகள் வெளியே வருகின்றன.