எதிரே வந்தவள்

எனக்கு எண்பத்து மூன்று வயது ஆகிறது. பெற்றது ஒன்று, வளர்த்தது மூன்று. மூன்று பேரையும் என் கால்தான் வளர்த்தது என்று சொன்னால் பேத்தி சிரிக்கிறாள். எல்லோரும் கை என்றுதானே சொல்வார்கள் என்கிறாள். கைக்கும் வேலை இருந்தது. ஆனால் கால் கொண்டுபோய்ச் சேர்க்காமல் கை எப்படி மில்லுக்குள் போகும்?

எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். எழுதினால் வரி மலையேறிவிடும். அதனால் நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போடாதே, அச்சில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அவள் டி.வி.யில் பெண்களின் நடைப் போட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல தேசத்துப் பெண்கள் கலந்துகொண்ட இறுதிப் போட்டி, ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில். ஓடக் கூடாது, எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கம் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். அவள் நம்பவில்லை.

அந்தப் பெண்கள் ஒரு ரோட்டிலேயே போய், முனையில் திரும்பி, அதே ரோட்டில் வந்தார்கள். முதலில் திரும்பியவள் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் எதிரே வந்தாள். எல்லோரும் அவளைத்தான் பார்த்திருப்பார்கள். நான் அவளுக்கு எதிரே போனவர்களின் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தியும் முகத்தைத் திருப்பவில்லை. அவர்கள் பாட்டுக்குப் போனார்கள்.

அதைப் பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன அம்மாயி, என்ன அம்மாயி என்று பேத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவர் காய்ச்சலில் போய்விட்டார். கைக்குழந்தையோடு, மண்ணரை என்கிற ஊரில் இருந்த என் அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி பிரசவத்தில் போயிருந்தாள். அவள் விட்டுப்போன இரண்டையும் என்னுடையதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் சம்பாத்தியம் போதவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த பஞ்சு மில்லில் ரீலிங் வேலைக்குச் சேர்ந்தேன். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற வேலை.

எங்கள் பக்கம் அப்போது தாலியறுத்தவள் வெள்ளைச் சீலைதான் கட்ட வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு எதிரே வெள்ளைச் சீலை வந்தால், அவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் கிளம்புவார்கள். திட்டமாட்டார்கள். எங்கள் ஊரில் யாரும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார்கள். தண்ணீர் குடிக்கப் போவார்கள், அவ்வளவுதான்.

அதனால் மில்லுக்குப் போகும் பெண்கள் கூட்டமாகப் போகும்வரை சந்துக்குள் நிற்பேன். அவர்கள் மறைந்த பிறகு கிளம்புவேன். சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் போயாக வேண்டும். ஓடிப் போகலாமே என்றால், வெள்ளைச் சீலைக்காரி ரோட்டில் ஓடினால் எந்த வீட்டில் சாவு என்று கேட்பார்கள். ஓடவும் கூடாது, பிந்தவும் கூடாது. அப்படி நடந்து நடந்து எனக்கு ஒரு நடை வந்துவிட்டது. இடுப்பு அசையும், தலை அசையாது, செருப்பில்லாத கால் தரையை விடாது. அது ஒரு வித்தை என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு வருடம் மில் ஆண்டு விழாவில் பெண்களுக்கும் போட்டி வைத்தார்கள். முன்பெல்லாம் கரண்டியில் எலுமிச்சம்பழம், நாற்காலி சுற்றுவது, இவ்வளவுதான். அந்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டிரில் மாஸ்டரைக் கூட்டி வந்திருந்தார்கள். சீலை கட்டிக்கொண்டு பெண்கள் ஓடினால் நன்றாக இருக்காது, நடைப் போட்டி வைக்கலாம் என்று சொன்னவர் அவர்தான். இரண்டு காலும் தரையை விட்டால் அது ஓட்டம், விசில் ஊதி வெளியே நிறுத்திவிடுவேன் என்றார்.

முதல் சுற்று மில் காம்பவுண்டுக்குள் நடந்தது. நான் பேர் கொடுக்கவில்லை. ரீலிங்கில் எனக்குப் பக்கத்து மிஷினில் நின்ற பெண்தான் கொடுத்தாள். புதிதாகக் கல்யாணமானவள். மில்லுக்குள் என்னிடம் உயிராக இருப்பாள். என் தூக்குப்போசியில் கைவிட்டு எடுத்துத் தின்பாள். ரோட்டில் மட்டும் கூட்டத்தோடு போய்விடுவாள். அந்தச் சுற்றில் நான் முதலில் வந்தேன், அவள் அடுத்து வந்தாள். காம்பவுண்டைச் சுற்றி எல்லோரும் ஒரே பக்கமாகப் போனதால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் போன பிறகு பெருமை என்று ஒன்று அன்றைக்குத்தான் வந்தது.

இறுதிப் போட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். மில் கேட்டில் ஆரம்பித்து, ரோட்டில் போய், முனையில் வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றி, அதே ரோட்டில் திரும்பி வர வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் தூரம் எவ்வளவு என்று கேட்டார்கள். எனக்கு வேறு ஒன்று புரிந்தது. நான் முந்தினால், டிரம்மைச் சுற்றித் திரும்பி வரும்போது இத்தனை பேருக்கும் எதிரே வர வேண்டும். முந்தாமல் இருந்தால் பிரச்சனை இல்லை.

சனிக்கிழமை சிட்டம் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மிஷின்காரி மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா, நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. திரும்பி வரப்ப கொஞ்சம் ஓரமா வந்துருங்க. எங்க மாமியா ரோட்டுல நின்னு பாப்பாங்க.”

“செரி கண்ணு,” என்றேன்.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் ஜெயிப்பேன் என்று நினைத்ததால்தானே கேட்டாள். ஆனால் வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அந்த ‘ஓரமா’ என்கிற சொல் கூடவே வந்தது. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். காய்ச்சல் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? இத்தனை வருடம் சந்துக்குள் நின்றவள் இன்னொரு நாளும் நிற்கலாம். ஆனால் காலையில் குளித்து, துவைத்து வைத்த சீலையைக் கட்டி, முந்தியை இடுப்பில் இறுக்கிச் செருகியபோது, கால் தானாக வாசலுக்கு வந்துவிட்டது.

ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் நின்றார்கள். விசில் ஊதியதும் கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே முன்னால் வந்துவிட்டேன். முன்னால் வெறும் ரோடு. பின்னால் வளையல் சத்தம். வரவர அந்தச் சத்தமும் குறைந்து நின்றுவிட்டது. தினமும் நடக்கிற ரோடுதான், தினமும் தனியாகத்தான் நடக்கிறேன். இருந்தாலும் அன்றைக்கு இருந்த தனிமை வேறு மாதிரி இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

டிரம் வந்தது. மில் வாட்ச்மேன் பக்கத்தில் பீடியோடு நின்றிருந்தார். சுற்றித் திரும்பினேன். தூரத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள்.

என்னைக் கேட்காமலே கால் ஓரத்துக்கு இறங்கிவிட்டது. மண்ணும் முள்ளும். சைக்கிளில் கூடவே வந்துகொண்டிருந்த டிரில் மாஸ்டர் சத்தம் போட்டார்.

“ஏனுங்கம்மா, ரோட்டு மேல வாங்க. கீழ எறங்குனா கணக்கு இல்லீங்க.”

அவருக்கு ஒன்றும் தெரியாது. போட்டி விதியைச் சொன்னார். நான் ஒரு மூச்சு விட்டுவிட்டு ரோட்டின் மேல் ஏறினேன். ஓரத்தில் நடக்கவில்லை, நடுவில் நடந்தேன்.

முதலில் வந்தவள் பக்கத்து மிஷின்காரி. என்னைப் பார்த்ததும் நடை தடுமாறியது. தலையைக் குனிந்து, தன் காலையே பார்த்தபடி தாண்டிப் போனாள். அடுத்தவள் முந்தியை இழுத்து முகத்தை மூடினாள். இன்னொருத்தி நடையையே நிறுத்திவிட்டாள். பனைமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, நான் கடந்த பிறகுதான் நடந்தாள். போட்டியை விட்டுவிட்டு நிற்கிறாளே என்று எனக்கு அவளைப் பார்த்துத்தான் பாவமாக இருந்தது. ஒவ்வொருத்தியாக, ஒரு சொல் இல்லாமல், ஒரு முகம் இல்லாமல் போனார்கள்.

கடைசியாக, ரொம்பப் பின்னால், பஞ்சு உதறும் இடத்தில் வேலை செய்த ஒரு அம்மா வந்தார். நல்ல பருமன். வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. நெற்றிக் குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. அவர் திரும்பவும் இல்லை, குனியவும் இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“டிரம்மு இன்னும் எவ்ளோ தூரமுங்க?”

“தோ, பக்கந்தானுங்க.”

பக்கத்தில் இல்லை. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குக் கண் கலங்கி ரோடு சரியாகத் தெரியவில்லை. கால் மட்டும் தரையை விடவில்லை.

முதலில் வந்தேன். நாங்கள் வழி விட்டதால்தான் ஜெயித்தாள் என்று பிறகு சிலர் பேசினார்கள். அவர்கள் நிற்பதற்கு முன்பே நான் டிரம்மைத் தாண்டியிருந்தேன். இதைப் பேத்தி அப்படியே எழுத வேண்டும்.

பரிசு ஒரு எவர்சில்வர் குடம். மேடையில் பரிசு கொடுக்க முதலாளி வீட்டு அம்மா வந்திருந்தார். என் முறை வந்ததும் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். டிரில் மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். பருமனான அந்த அம்மாவைக் கூட்டத்தில் தேடினேன். கால் வலி என்று வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் வேலையை விட்டும் போய்விட்டார். அவர் ஊர் எது என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் சந்துக்குள் நிற்கவில்லை. நேரத்துக்குக் கிளம்பி ரோட்டுக்கு வந்தேன். கூட்டம் என்னைப் பார்த்து நின்றது. யாரும் திரும்பிப் போகவில்லை. நான் முன்னால் போகும்வரை காத்திருந்து, பிறகு நடந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் அவர்கள் முன்னால் போவார்கள், நான் பின்னால். மில்லை விட்டு நிற்கும்வரை, அன்றிலிருந்து நான் முன்னால், அவர்கள் பின்னால். நடுவில் இருந்த தூரம் மட்டும் அப்படியே இருந்தது.

குடம் இப்போதும் வீட்டில் இருக்கிறது. அடி நசுங்கிவிட்டது, தண்ணீர் நிற்கும்.

போதும் கண்ணு, பேனாவை வை. இப்போது எனக்கு வாசித்துக் காட்டு. முழுதும் வேண்டாம். டிரம் இன்னும் எவ்வளவு தூரம் என்று அந்த அம்மா கேட்டாரே, அங்கிருந்து வாசி.