ஆண்கள் இறங்கிய பஸ்

என்னைப் போல வாயில்லாத ஒருத்திக்கு மிளகு வாங்கும் வேலை எப்படி வந்தது என்று போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெண் கேட்டாள். கொழும்பில் படிப்பவள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அப்படியே வந்துடுச்சு" என்றேன். யுத்தத்தால் வந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. அப்படிச் சொன்னால் யுத்தத்துக்கு நன்றி சொல்வது போலாகிவிடும். நன்றி சொல்லும்படி அது யாருக்கும் எதையும் செய்யவில்லை. ஆனாலும் அது இல்லாவிட்டால் நான் மாத்தளை டவுனைத் தாண்டியிருக்க மாட்டேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எனக்குத் தெரியாது. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் மாத்தளையில் ஒரு பெரிய மிளகு, கராம்புக் கடைக்கு ஊர் ஊராகப் போய்ச் சரக்கு வாங்கிக் கொடுப்பவர். மிளகுப் பருவத்தில் வாரத்துக்கு மூன்று நாள் நாவுலவுக்குப் போவார். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, பல்லேகம ரோட்டில் இருக்கும் சிங்களக் கிராமங்களில் இறங்குவார். நான் கடையின் பின்பக்கத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து சுளகில் மிளகு புடைப்பேன். எங்கள் ஆட்களில் பெண்கள் அவ்வளவு தூரம்தான் வருவோம். தராசு இருக்கும் முன்பக்கத்துக்குப் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அங்கே ஒரு சுவர் இருப்பது போல நாங்களே நின்றுவிடுவோம்.

வடக்கில் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. நாவுல ரோட்டில் ஆமிக்காரர்களின் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. எல்லா பஸ்ஸும் அங்கே நிற்கும். ஆண்கள் மட்டும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக நடந்து அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். ஒரு நாள் என் வீட்டுக்காரரின் அட்டையில் இருந்த தமிழ்ப் பெயரைப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பஸ் அவர் இல்லாமல் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து வந்தார். என்ன நடந்தது என்று இன்றுவரை சொன்னதில்லை. சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, "பசிக்குது" என்றார். அதற்குப் பிறகு அவர் பஸ் ஏறவில்லை. வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். மழை வந்தால் கதிரையை உள்ளே இழுத்துக்கொண்டு அங்கிருந்து பார்ப்பார்.

பருவம் போய்க்கொண்டிருந்தது. இந்த வாரமும் அந்த ஊர்களுக்கு யாரும் போகாவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டி வரும் என்று முதலாளி சொல்லியனுப்பினார். அந்த ரோட்டை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அன்று சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டே, "நான் போய்ட்டு வரவா?" என்று கேட்டேன்.

"நீயா? பஸ்ஸுல பெல் அடிக்கச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, ரெண்டு ஹோல்ட் தள்ளி எறங்கி நடந்து வர்றவ நீ."

"சிங்களம் உங்களவிட எனக்கு நல்லா வருமே."

அது உண்மை. நான் வளர்ந்தது உக்குவளையில். எங்கள் வரிசையில் பாதி வீடுகள் சிங்கள வீடுகள்.

"வரும். ஆனா நீ எந்த பாஷையிலதான் பேசுற?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். திரும்பி வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

முதல் நாள் பயணம் இப்போதும் எனக்குத் தூக்கத்தில் கண்டது போலத்தான் இருக்கிறது. மலையெல்லாம் பனிக்குள் இருந்தது. பஸ் கண்ணாடியில் நீர் வழிந்து, வெளியே இருந்த வீடுகள் எல்லாம் கரைந்து கரைந்து போயின. சாவடிக்கு முன்னால் ஒரு வளைவு. அங்கே வந்ததும் நெற்றிப் பொட்டை எடுத்து டிக்கெட்டின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டேன். தாலியைச் சட்டைக்குள் விட்டேன். தமிழ் என்று தெரியாமல் இருக்கத்தான். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கள் பெண்கள் எல்லோரும் அதைச் செய்தார்கள்.

பஸ் நின்றது. ஆண்கள் இறங்கிப் போனார்கள். அவர்களுடைய குடைகளும் பைகளும் சீட்டில் ஆட்கள் போல உட்கார்ந்திருந்தன. உள்ளே நாங்கள் பெண்கள் மட்டும். சிங்களம், தமிழ், முஸ்லிம் எல்லாம் கலந்துதான். கிளீனர் பாதி திறந்து விட்டுப் போன கதவு காற்றில் மெல்ல ஆடியது. எல்லோரும் ஒரே பக்கத்து ஜன்னலால், வரிசையில் நடக்கும் ஆண்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கைக்குழந்தை அழுதது. அது கை மாறிக் கை மாறி, கடைசியில் என் மடிக்கு வந்தது. பிறகு எத்தனையோ தடவை அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாத் தடவையும் சேர்ந்து ஒரே காலைப் பொழுதாகத்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

நான் இறங்கிய கிராமத்தில் ஒரு பெண்ணின் முற்றத்துக்குத்தான் பக்கத்து வீட்டு மிளகெல்லாம் வந்து சேரும். அவளுடைய புருஷன் ஆமியில், வடக்கில். அடுத்த வீட்டுக்காரியின் இரண்டு மகன்களும் அப்படித்தான். மரத்தில் ஏணி வைத்து மிளகு பறித்ததும், மிதித்ததும், பாயில் காயப் போட்டதும் எல்லாம் பெண்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் பயந்து வீட்டில் இருந்தார்கள். அவர்கள் பக்கத்து ஆண்கள் துப்பாக்கி பிடிக்கப் போயிருந்தார்கள். மிளகை விற்கவும் வாங்கவும் மிஞ்சியது நாங்கள்தான்.

"மாத்தயா எங்க?" என்று அவள் கேட்டாள். நாங்கள் பேசியது சிங்களத்தில். மாத்தயா என்றால் ஐயா, என் வீட்டுக்காரரைத்தான் கேட்டாள்.

"வரல்ல."

"எப்ப வருவார்?"

"நான்தான் வந்திருக்கேன்."

"என்ன? கிட்ட வா நங்கி. நீ பேசுறது எறும்பு பேசுற மாதிரி இருக்கு."

பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் பாயில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தபடி சாக்குக்குள் கையை ஆழமாக விட்டு ஒரு பிடி எடுத்து, காதருகே வைத்துக் குலுக்கினேன். நன்றாகக் காய்ந்த மிளகு கலகலவென்று பேசும். ஈர மிளகு பேசாது. ஒன்றைக் கடித்தும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. பிறகு கையில் இருந்த பிடியைச் சாக்கிலேயே திரும்பப் போட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அப்போதுதான் என் தவறு எனக்குப் புரிந்தது. பார்ப்பதற்கு எடுக்கும் பிடி, வாங்குகிறவரின் பைக்குத்தான் போகும். எல்லா வியாபாரிகளுக்கும் அதுதான் வழக்கம். ஊருக்குக் கொண்டு போவதற்குள் மிளகு காய்ந்து நிறை குறையும். அந்தப் பிடிகள்தான் அதை ஈடுகட்டும். என் வீட்டுக்காரர் அதையும் சொல்லித்தான் அனுப்பினார். எனக்கு என்னவோ, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் மிளகை என் பையில் போட வெட்கமாக இருந்தது.

"இவளுக்கு வேல தெரியாது" என்று ஒரு கிழவி சொன்னாள்.

"தெரியாட்டியும் பரவால்ல" என்றாள் முற்றத்துக்காரி.

கடையில் நிறை குறைந்தது. முன்பக்கத்துச் சுவரைத் தாண்டி நான் முதல்முதலாகப் போய் நின்றது திட்டு வாங்கத்தான். "ஏம்மா, கோயிலுக்குக் காணிக்கை போடவா உன்ன அனுப்புனேன்?" என்றார் முதலாளி. நான் தலை குனிந்து நின்றேன். அடுத்த வாரம் போனபோது இன்னும் மூன்று வீடுகளில் எனக்கென்று மிளகை எடுத்து வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பிடியைத் திரும்பப் போடுவதை விடவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. வீட்டுக்காரர் சோறு ஆக்கக் கற்றுக்கொண்டார். மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். "புருஷன் குசினியில, பொண்டாட்டி ரோட்டுல" என்று எங்கள் ஒழுங்கையில் பேச்சு வந்தது. ஒரு நாள் சாவடியில் எடுத்த பொட்டைத் திரும்ப வைக்க மறந்து, வெறும் நெற்றியோடு ஒழுங்கைக்குள் வந்துவிட்டேன். மூலை வீட்டு மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஐயோ, அவருக்கு என்ன ஆச்சு?" என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, "மாமி, நான் பருப்புக்குத் தாளிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

கோயிலில் என்னைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கி நின்ற பெண்களே பிறகு என்னைத் தேடி வந்தார்கள். பொலிசில் கொடுக்க ஒரு கடிதம் எழுத வேண்டும், பிடித்து வைத்த மகனைப் பார்க்கப் போக வேண்டும், கூட வந்து சிங்களத்தில் பேசு என்பார்கள். போவேன். என் குரல் அப்போதும் சின்னக் குரல்தான். ஆனால் அது கேட்கும் வரை காத்திருக்கத் தொடங்கியிருந்தார்கள்.

முற்றத்துக்காரியை நான் அக்கா என்றே கூப்பிட்டேன். சிங்களத்திலும் அது அக்காதான். அவளுக்கு நான் நங்கி, தங்கச்சி. ஒரு தடவை நான் போனபோது ரோட்டெல்லாம் வெள்ளைக் கொடி. அடுத்த வீட்டுக்காரியின் மூத்த மகனைப் பெட்டியில் கொண்டு வந்திருந்தார்கள். திரும்பிப் போகவும் பஸ் இல்லை. பையோடு வேலி ஓரம் நின்றேன். அக்கா வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ஒங்க ஆளுங்கதானே இதச் செய்றாங்க?" என்றாள்.

அவள் என்னைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு, "ஒன்னக் கேட்டு என்ன செய்ய. உள்ள வந்து இரு. வெயில்" என்றாள். அன்று மிளகு நிறுக்கவில்லை. குசினியில் பெரிய பானைத் தண்ணீர் கொதித்தது. நான் தேயிலை போட்டேன், அவள் கோப்பைகளைக் கழுவினாள். சாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் ஊற்றிய தேத்தண்ணிதான் போனது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது.

யுத்தம் முடிந்தது என்று ரேடியோ சொன்னபோது முற்றங்களில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. டவுனில் பட்டாசு வெடித்தது. ரோட்டில் பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு உள்ளே இருந்தோம். சந்தோஷமா, பயமா, யாருக்காக அழுவது என்று எதுவும் தெரியாத நாட்கள். கொஞ்ச நாளில் பஸ்கள் சாவடியில் நிற்காமல் போகத் தொடங்கின.

ஒரு காலை எழுந்து பார்த்தபோது வீட்டுக்காரர் முகம் மழித்து, சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே நான் போறேன். நீ பட்டது போதும்."

அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அதட்டியிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் போன பிறகு வீடு முழுதும் சத்தமில்லாமல் இருந்தது. சுளகை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் இப்போது எந்த வளைவில் இருக்கும், நாவுலவில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்றே மனம் ஓடியது. இனி என் நாள் முழுக்க இந்தச் சுவருக்குள்தான் என்று நினைத்தபோது கை அப்படியே நின்றுவிட்டது.

சாயங்காலம் சாக்கு நிறைய நல்ல மிளகோடு வந்தார். முகத்தில் பல வருஷம் குறைந்திருந்தது. சாப்பிட்டுக்கொண்டே கதை கதையாகச் சொன்னார்.

"ஒன் அக்காவோட புருஷன் லீவுல வந்திருக்கார். நல்ல மனுஷன். அவரே நின்னு மிளக நிறுத்தார். எனக்கு கதிர போட்டாரு, பழைய கதையெல்லாம் பேசுனோம்."

"அக்கா?"

"அவ குசினியில. ஒரு தடவ எட்டிப் பாத்து, நங்கி வரல்லியான்னா. பொறகு உள்ள போயிட்டா."

"மத்தப் பொம்பளைங்க?"

அவர் யோசித்தார். "பாக்கல்லியே" என்றார்.

நான் ரசம் ஊற்ற எடுத்த கரண்டி கையிலேயே இருந்தது. "வர்ற கெழம நான் போறேன்" என்றேன்.

"எதுக்கு? இப்பதான் ரோட்டுல பயமில்லையே."

"அதுக்குத்தான். இத்தன வருஷம் பயந்த ரோட்டுலயே போனேன். பயமில்லாத ரோட்டுல நான் போக வேணாமா?"

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வெகுநேரம் வாய்க்குக் கொண்டு போகவில்லை. "அந்த பஸ்ஸுல ஒக்காரணும்னுதான் நானும் இத்தன வருஷம் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் அதைச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் அந்த ரோடு வேண்டியிருந்தது. கடைசியில் நாவுலவைச் சுற்றியிருக்கும் ஊர்கள் அவருக்கு, பல்லேகம ரோடு எனக்கு என்று முடிவாகியது. முடிவு செய்த பிறகும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் என் குடைக்குப் புதுக் கம்பி போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் பழையபடி இருந்தது என்று சொல்ல மாட்டேன். வேறு சில வீடுகளில் ஆண்கள் திரும்பி வந்து தராசைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கெல்லாம் எனக்கு விலை மட்டும்தான் சொன்னார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. சில முற்றங்களுக்கு நான் பிறகு போகவே இல்லை.

அந்தக் கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனபோது அவளுடைய புருஷன் தராசோடு தயாராக நின்றார். உயரமான மனிதர், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் முற்றத்து ஓரத்தில் நின்றேன். குசினிப் பக்கமிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாயை இழுத்து விரித்து, சாக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னையும் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவரிடமிருந்து தராசை வாங்கிக்கொண்டு, "நீங்க போய் எங்களுக்குத் தேத்தண்ணி வையுங்க" என்றாள்.

சிரிப்பதா கோபிப்பதா என்று அவர் முகம் முடிவு செய்யாமல் இருந்தது. பிறகு குனிந்து குசினிக்குள் போனார். நாங்கள் மிளகைப் பாயில் கொட்டினோம். உள்ளே மூடிகள் உருளும் சத்தம் கேட்டது.

"சீனி எங்க இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"தேடிப் பாருங்க!" என்றாள் அக்கா.