நல்லெண்ணெயோடு உப்பு ஏரியில் மிதந்த நாள்

இந்தச் சாமத்தில் நம் குடும்பக் குரூப்பில் எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள். மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவளுக்குத் தேய்த்த நல்லெண்ணெய் இன்னும் என் கையில் மணக்கிறது...

அந்த மணம் என்னை நேரே எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டது!

கலியாணமான புதிது. நானும் இவரும், இவருடைய அக்கா சுமதி மச்சாளும் சீவாவுக்குப் போயிருந்தோம். பாலைவனத்துக்கு நடுவே ஒரு பச்சை ஊர். மண் சுவர் வைத்த ரிசோர்ட்... வாசலிலேயே உப்பு ஏரி. கரையெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு, செருப்புக்குக் கீழே நொறுங்கும்.

எனக்கோ தண்ணீர் என்றாலே நடுக்கம். சின்ன வயதில் கோயில் கேணியில் வழுக்கி விழுந்த பிறகு, முழங்காலுக்கு மேல் எந்தத் தண்ணீரிலும் இறங்கியதில்லை.

காலையில் குன்றின் மேலிருந்த பழைய கோயிலைப் பார்க்கப் போனோம். பாதிச் சுவர்கள்தான் மிச்சம். அந்தக் காலத்தில் அரசர்களே பாலைவனம் கடந்து வந்து அங்கே குறி கேட்பார்களாம்.

மச்சாள் சுவரில் வாயை வைத்தார்.

"சாமி, இவள் பின்னேரம் ஏரிக்குள்ள இறங்குவாளோ?"

உடனே தானே தடித்த குரலில், "ஓம், இறங்குவாள்! இல்லாட்டி நான் தள்ளி விடுவன்!"

பின்னேரம் ஸ்பா. உப்புத் தண்ணீர் தோலைக் காயவைத்துவிடும் என்று மச்சாள் சூட்கேஸில் நல்லெண்ணெய்ப் போத்தல் கொண்டுவந்திருந்தார். சனி முழுக்கு மாதிரி, உச்சி முதல் உள்ளங்கால் வரை இருவரும் பூசிக்கொண்டோம். அங்கே முதலில் உடம்புக்குச் சேறு பூசுவார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

ஸ்பாவில் நின்ற பெண் சேற்றை அள்ளி என் தோளில் வைக்கிறாள்... அது வழுக்கிக்கொண்டு நிலத்தில் விழுகிறது. திரும்பவும் வைக்கிறாள். திரும்பவும் 'சொத்'! என் கையை மோந்து பார்த்துவிட்டு, உள்ளே ஓடி இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள்.

"ஒலிவ் ஒயில்?"

"நோ, நோ... தோசை ஒயில்!" என்றார் மச்சாள், பெருமையாக.

இவர் வாசலில் நின்று, "ரெண்டு பேரையும் அப்பிடியே பொரிச்செடுக்கலாம்!"

சிரித்துச் சிரித்து வயிறு நொந்துவிட்டது. அந்தச் சிரிப்போடேயே மச்சாள் என் கையைப் பிடித்து ஏரிக்குள் கூட்டிப்போனார்.

"சாயடி. கதிரையில சாயிற மாதிரி."

சாய்ந்தேன்... கால் தானாக மேலே வந்தது!

"கையை விட்டிடாதேங்கோ மச்சாள்!"

"அது எப்பவோ விட்டாச்சு, விசரி!"

மேலே ஆகாயம். காதுக்குள் தண்ணீர். பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

இப்போது மகளுக்கு எட்டு மாதம். வாற சனிக்கிழமை செவன் ஹில்ஸ் நீச்சல் குளத்தில் அவளுடைய முதல் ஸ்விம்மிங் கிளாஸ். அம்மாவும் பிள்ளையோடு இறங்க வேண்டுமாம். தண்ணீர் இடுப்பளவுதான், விசாரித்துவிட்டேன். ஆனாலும் நித்திரை வரவில்லை. அன்று உப்பு என்னைத் தாங்கியது. பூல் தண்ணீர் அப்படித் தாங்காது... அங்கே அவளைத் தாங்குவது நான்தான்.

இறங்கத்தான் போகிறேன்.

இவருக்கு அன்று வேலை. மச்சாள், ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டிலிருந்து வந்து கரையில் நிற்பீர்களா? எண்ணெய் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும். இதைப் பார்த்தவுடன் பதில் போடுங்கள்.