பிள்ளையைக் கூட்டி வந்தால்தான் ரூம்

1993, தை மாதம். மாயவரத்தில் ஏறிய ரயில் விடியற்காலை ஐந்தரைக்கு எங்களைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. பனியில் ஸ்டேஷன் விளக்குகள் பஞ்சு சுற்றியவை போல மங்கித் தெரிந்தன. எனக்கு அறுபத்தேழு வயது, என் கணவருக்கு எழுபத்து மூன்று. வண்டலூரில் நீர்யானை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேறு காரியம் எதுவுமில்லை.

ஸ்டேஷன் அருகே ஒரு லாட்ஜில் ஏறினோம். மேனேஜர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூட யாரும் வரலையா சார்?"

"நாங்க ரெண்டு பேர்தான்."

"வயசானவங்களுக்குத் தனியா ரூம் தர்றதில்லை சார். ஏதாச்சும் ஆயிட்டா போலீஸ், கேஸுன்னு நாங்கதான் அலையணும். பையனைக் கூட்டிட்டு வாங்க, தர்றேன்."

எங்களுக்குக் குழந்தை கிடையாது. என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா பேஜாரு? நான் உங்க புள்ளன்னு சொல்லிக்கினு வர்றேன், வாங்க."

ஒரு கணம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"வேணாம்ப்பா. ஒரு ரூமுக்காகப் பிள்ளை பெத்துக்கணுமா?" என்றேன். என் கணவர் சிரித்துவிட்டார்.

"அப்ப பீர்க்கன்கரணைல ஒரு அக்கா கீது. காலேஜ் பசங்களுக்கு மாடி ரூம் வுடும். இப்ப காலிதான். குந்துங்க."

எங்களை அங்கே இறக்கிவிட்டு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த அக்கா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "குளிக்க வெந்நீர் வெக்கட்டுமாங்க?"

மாடி ஜன்னலைத் திறந்தால் ஏரி. கரை எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெண்மை. அதற்குள்ளிருந்து ஒரு நீர்க்காகம் வந்தது, மறுபடி அதற்குள்ளேயே போய்விட்டது. என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே உறங்கிப்போனார். நானும் கண்ணை மூடினேன். தூரத்து லாரிகளின் சத்தம் தூக்கத்துக்குள் அலை போல வந்து போயிற்று.

பதினொரு மணிக்கு வண்டலூர். பச்சைத் தண்ணீரில் முதலில் இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு மெதுவாக அந்தப் பெரிய முதுகு எழுந்தது. என் கணவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"எவ்ளோ பெரிசு! ஆனா யாரையும் தொந்தரவு பண்ணாம கெடக்கு, பாரேன்" என்றார்.

மறுநாள் ஊர் திரும்பும் ரயிலில், செங்கல்பட்டு தாண்டியதும் கேட்டார்: "அடுத்து எங்கே?"

"கன்னியாகுமரி" என்றேன். அங்கேயும் ரூம் இல்லை என்பார்களோ என்று தோன்றியது. சொல்லட்டுமே. படியேறிக் கேட்க இன்னும் எங்களுக்குக் கால் இருக்கிறது.