வயர்கூடையோடு மாடியேறியவர்கள்

காலை மணி ஒன்பது பத்து. சேலை மடிக்கும் வேலம்மாள் மாடியில் என் அறைக்குள் வந்ததும் நான் முதலில் பார்த்தது அவர் கையிலிருந்த வயர்கூடையைத்தான். சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. கதவைச் சாத்தி உட்காரச் சொன்னேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வேலை எப்படி இருக்கு? உடம்புக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்ல மேடம்."

சங்கரன்கோவிலில் ஒரு சேலைக் கம்பெனி கைமாறியது. வாங்கியவர்கள் என்னைக் கோயம்புத்தூரிலிருந்து மனிதவள அலுவலராக அனுப்பினார்கள். நேரம், ஷிப்ட், வேலை எல்லாம் மாறியிருந்தன. ஒவ்வொருவரையும் அழைத்து, அவர்களுடைய சிரமத்தைக் கேட்பது என் பொறுப்பு. எல்லோரும் கூடையோடு வந்தார்கள். எல்லோரும் "ஒண்ணுமில்ல" என்றார்கள். சிலர் படியிறங்கும்போது அழுதார்கள். காரணம் புரியவில்லை.

மதியம் நான் கீழே போனால் பேச்சு நின்றுவிடும். தனியாகச் சாப்பிட்டேன். ஸ்டேஷன் ரோட்டில் என் வாடகை அறை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்கவில்லை. மாத முடிவில் வேலையை விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஊர்க் கோயிலில் கோமதி அம்மன் சன்னதிக்கு எதிரே, தரையில் சக்கரம் பதித்த சிறு குழி உண்டு. மனம் கலங்கியவர்கள் அதில் உட்கார்ந்து வேண்டிக்கொள்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நானும் உட்கார்ந்தேன். "ஒரே ஒரு ஆள் என்னிடம் பேசட்டும் தாயே" என்று மட்டும் கேட்டேன்.

எழுந்து திரும்பினால், வரிசையில் அடுத்து நின்றவர் வேலம்மாள்.

"மேடம், நீங்களுமா இங்கன உக்காந்திய? உங்களுக்கு என்ன கொற?"

"பேச ஆளில்லை, வேலம்மா."

அவர் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கே! நீங்க கூப்பிட்டாலே எங்களுக்குப் பயம். பழைய மொதலாளி மாடிக்குக் கூப்பிட்டா வேலை போச்சுன்னு அர்த்தம். சாமான எடுக்கக்கூட கீழ விடமாட்டாவ. அதான் கூடையத் தூக்கிட்டு வாரோம்."

"நான் நலம் விசாரிக்கத்தானே கூப்பிட்டேன்?"

"கதவச் சாத்திக்கிட்டா நலம் விசாரிப்பாவ?"

அவர் தன் கையிலிருந்த, கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணில் கொஞ்சம் எடுத்து என் நெற்றியில் பூசினார். அப்போதுதான் அழுதேன்.

திங்கட்கிழமை என் நாற்காலியைக் கீழே, சேலை மடிக்கும் இடத்துக்கு மாற்றினேன். முதல் நாள் யாரும் வரவில்லை. மறுநாள் வேலம்மாள் சத்தம் போட்டார்: "ஏட்டி, மேடம் ஆளத் திங்க மாட்டாவ. வந்து சொல்லுங்கட்டி!"

வந்தார்கள். நின்று நின்று கால் வீங்குகிறது என்றார் ஒருவர். புதிய ஷிப்ட் முடியும்போது கரிவலம்வந்தநல்லூர் பஸ் போய்விடுகிறது என்றார் இன்னொருவர். நேரத்தை மாற்றினோம். உட்கார ஸ்டூல் வந்தது. எனக்கும் அவர்கள் நடுவே சாப்பிட ஓர் இடம் கிடைத்தது. நான் வேலையை விடவில்லை.

மாலையில் என் வாடகை அறை இன்றும் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இப்போது என்னைப் பயமுறுத்துவதில்லை. ஒரு ஆளைக் கேட்டேன். எனக்குப் பயந்திருந்தவரையே கோமதி அம்மை அனுப்பினாள். பேச ஆளில்லாமல் இதைப் படிப்பவர்கள் இருந்தால், அவளிடம் ஒருமுறை கேளுங்கள். பிறகு திரும்பிப் பாருங்கள்.

போன வாரம் வேலம்மாளை மேற்பார்வையாளராக்க உத்தரவு வந்தது. கையெழுத்து வாங்க மாடிக்கு அழைத்தேன். வந்தார். அவருடைய வயர்கூடை கீழே ஆணியில் தொங்கியது.