முகமூடி பேசாத வரி

வில்லனுக்கு வசனம் எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. கதாநாயகனுக்கும் எழுதுகிறேன்தான். ஆனால் என்னைத் தேடி வருகிறவர்கள் வில்லனுக்காகவே வருகிறார்கள். பெங்களூரு அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் எங்கள் டப்பிங் ஸ்டூடியோ இருக்கிறது. வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் பேச வைக்கிறோம். டேக் போவதற்கு முன்னால் யாராவது படியிறங்கிப் போய் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வரவேண்டும். அந்தப் பட்டறையில் வேலை பார்க்கிறவர்தான் எங்களுடைய பெரிய வில்லன் குரல். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே வருவார், ஒரு ஊரையே கொளுத்தச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டு இறங்கிப் போவார்.

இந்தத் தொழிலில் எங்களைக் கட்டிப்போடுவது உதடு. திரையில் இருப்பவன் வாயைத் திறக்கும்போது திறந்து, மூடும்போது மூடியாக வேண்டும். 'லிப் உட்காரலை' என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நல்ல வரியும் குப்பைக்குத்தான். அதனால் ஒருவன் முதுகைக் காட்டி நின்றாலோ முகமூடி போட்டிருந்தாலோ எங்களுக்குக் கொண்டாட்டம். அங்கே எதை வேண்டுமானாலும் சொருகலாம். கேட்க ஆள் இல்லை.

அப்படிச் சொருகிய ஒரு வரியால்தான் எனக்குப் பேர் வந்தது. விண்வெளியில் நடக்கும் ஒரு தொடர். ஒரு சின்ன நிலவில் குடியிருக்கும் மக்களை இரும்பு முகமூடிப் படை ஒன்று துரத்துகிறது. ஊர் எரியும்போது படைத்தலைவன் கோட்டை வாசலில் முதுகைக் காட்டி நிற்பான். மூலத்தில் அவன் எதுவும் பேசமாட்டான், மூச்சுச் சத்தம் மட்டும்தான். சேனலில் இருந்து வந்த தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"வில்லன் சும்மா நின்னா எப்படி மேடம்? ஒரு பஞ்ச் வைங்க."

டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன். 'செத்தவனை எண்ணாதே. மிச்சம் இருக்கிறவனைக் காட்டு.' பட்டறைக்காரர் அதை ஒரே டேக்கில் பேசினார். பிறகு ஸ்ரீராம்புரத்தில் என் வீட்டுச் சந்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் விக்கெட் விழும்போதெல்லாம் அதைச் சொல்லிக் கத்தினார்கள். ஜன்னலில் நின்று கேட்டுப் பூரித்துப் போனேன், பொய் சொல்வானேன்.

இந்த வருடம் அந்தத் தொடரிலிருந்து கிளைத்த ஒரு படம் எங்களிடம் வந்தது. அதே கதை, அதே போர், ஆனால் முகமூடிக்காரர்களின் பக்கத்திலிருந்து. அவர்களுக்கும் ஒரு ஊர் இருந்திருக்கிறது, அது முதலில் எரிந்திருக்கிறது. என் பங்குக்கு அவர்களை எத்தனை திட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். கடைசியில் அந்தக் கோட்டை வாசல் காட்சி வந்தது. இந்த முறை கேமரா முகமூடிக்கு உள்ளே இருந்தது. நடுத்தர வயதுக்காரன் ஒருவனின் முகம். கண் எரிகிற ஊரையே பார்க்கிறது, வாய் இறுக மூடியிருக்கிறது. பதினோரு விநாடி. அவன் வாயைத் திறக்கவே இல்லை.

பட்டறைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவன் வாயே தொறக்கலயேக்கா. அப்ப அன்னைக்கு நாம பேசுனது யாரு பேசுனது?"

"நான் பேசுனது. நீங்க வாடகைக்குக் குரல் குடுத்தீங்க. போய் டீ குடிங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத்தான் அது விளையாட்டாகப் படவில்லை. ஏனென்றால் என் வாழ்க்கையில் இன்னொருவனும் முகமூடி போட்டு முதுகைக் காட்டி நின்றிருக்கிறான். அவன் என் அண்ணன்.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது அம்மா பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்தார். நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா அங்கே கல்லறையில் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு என்று இடம் விட்டு வைத்திருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கே குழியை வெட்டச் சொல்லிவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைத்தான் உள்ளே விட்டார்கள். அண்ணன் தலையிலிருந்து கால்வரை அந்த வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு போனான். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவன் முதுகு தெரிந்தது. எதிரே மேஜையில் இருந்தவர் ஒரு தாளை நீட்டினார். அண்ணன் கையை இரண்டு முறை வெடுக்கென்று உதறினான், கையெழுத்துப் போட்டான். அவ்வளவுதான் பார்த்தேன். அந்தக் கையெழுத்தோடு அம்மாவை இங்கேயே எரித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரையும் எரித்ததில்லை.

சித்தி போனில் கதறினாள். "பாவி என்னடி சொன்னான்? கையெழுத்துப் போடறப்ப என்னதான் சொன்னான்?"

நான் சொன்னேன்: "'செத்தவங்களுக்கு எங்க இருந்தா என்ன'ன்னு சொல்லிட்டுப் போட்டான் சித்தி."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. துக்கமும் ஆத்திரமும் இருந்தது, முதுகு தெரிந்தது, முகமூடி இருந்தது. என் வாய் தன் வேலையைச் செய்துவிட்டது. மறுநாள் பெரியப்பா மகன் கேட்டபோது அந்தக் கை உதறலையும் சேர்த்து நடித்துக் காட்டினேன். மூன்றாவது முறை சொல்லும்போது அண்ணனின் குரலிலேயே அது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியது என்பதே மறந்துபோய்விட்டது. சொந்தக்காரர்கள் அவனை ஒதுக்கினார்கள். அவன் மகள் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்குச் சமைத்த பிரியாணி அண்டாவோடு மிஞ்சியது என்று கேள்விப்பட்டேன். நானும் போகவில்லை.

படத்துக்கு வருகிறேன். சேனல் தம்பி, பழைய வரி கட்டாயம் வேண்டும் என்றார். ஜனங்கள் அதற்காகத்தான் பார்ப்பார்களாம். வாய் மூடியிருந்தால் என்ன, மனசுக்குள் பேசுகிற மாதிரி ஓடவிடலாம் என்றார். முடியாது என்றேன். அந்தப் பதினோரு விநாடியும் மூச்சுதான் போகும், வேண்டுமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இத்தனை வருடத்தில் ஒரு வரியை வெட்டுவதற்காக நான் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இருக்கும் சந்தாபுராவுக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணி நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் உட்காரவில்லை.

"அண்ணா, அன்னைக்கு ஆஸ்பத்திரில நீ அப்படிச் சொல்லவே இல்ல. நானாதான் சொல்லிட்டேன்."

அவன் செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நான் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார் கேட்டாங்க?" இப்போதுதான் நிமிர்ந்தான். "சித்தி கேட்டாங்களா? நீ கேட்டியா? நீங்களே கேள்வி கேட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கிட்டீங்க."

கையை ஏன் அப்படி உதறினாய் என்று மட்டும் கேட்டேன். அந்த உதறல்தான் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி.

"பேனா எழுதல. கைல ரெண்டு கிளவுஸ் வேற. தங்கவயலுக்கு எந்த வண்டியும் வராதுன்னுட்டாங்க. ரெண்டு தடவ கெஞ்சினேன். மூணாவது தடவ கேட்டா, வரிசைல கடைசில போய் நில்லுங்கன்னாங்க. அம்மா வெளிய வெயில்ல ஸ்ட்ரெச்சர்ல கெடந்தாங்க. அதான் போட்டேன்."

அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவன் கையைக் கழுவினான், துண்டில் துடைத்தான்.

"என்கிட்ட எதுக்குக் கேக்கற? நடந்தது எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

எல்லாரும் இருக்கும் நாள் எது என்று இருவருக்கும் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் எங்கள் ஆட்கள் தங்கவயலில் கூடுவார்கள். புல் பிடுங்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் மங்கிப்போன பெயரைக் கறுப்பு பெயிண்டால் மறுபடி எழுதுவார்கள். பெயர் எழுதுவது எங்கள் வீட்டில் மூத்த மகனின் வேலை. அப்பா பெயரை வருடா வருடம் அண்ணன்தான் எழுதினான். அம்மாவின் ஒரு பிடி சாம்பலை அப்பாவின் கால்மாட்டில் புதைத்து அவர் பெயரையும் சிலுவையில் சேர்த்ததிலிருந்து, கூலிக்கு ஒரு பெயிண்டர் எழுதுகிறார். அம்மா பெயரை அண்ணன் ஒருமுறைகூட எழுதியதில்லை.

இந்த வருடம் அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். அவன் கல்லறைத் தோட்டத்து கேட்டிலேயே நின்றுகொண்டான். சித்தி அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிற எனக்கு அன்று ஒரு வரிகூட அமையவில்லை. எப்படியோ சொன்னேன்.

"சித்தி, அன்னைக்கு அண்ணன் எதுவும் சொல்லல. 'செத்தவங்களுக்கு எங்க இருந்தா என்ன'ங்கறது நான் கட்டின பேச்சு. அவன் சொன்னதா நான் சொல்லிட்டேன்."

சுண்ணாம்பு வாளியைக் கலக்கிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. சித்தி என்னையே பார்த்தாள்.

"அஞ்சு வருசம்டி" என்றாள். பெயிண்டரின் கையிலிருந்து பிரஷை வாங்கிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்து போனாள். "வாப்பா. உங்கம்மா பேரை நீதான் எழுதணும்" என்று அவன் கையில் கொடுத்தாள். அவன் வந்து சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்தான். முதல் எழுத்து கோணலாகிவிட்டது. துடைத்துவிட்டு எழுது என்று யாரும் சொல்லவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து எல்லாருக்கும் டீ ஊற்றினார்கள். என்னைத் தாண்டிப் போனது. அது நியாயம்தான், எனக்குக் கோபம் வரவில்லை.

படம் வந்துவிட்டது. அந்த டயலாக் எங்கே என்று கேட்டு எங்கள் ஸ்டூடியோவைத் திட்டுகிறார்கள். வீட்டிலும் கதை மாறிவிட்டது, இப்போது வில்லி நான். போன வாரம் அண்ணன் போன் செய்தான். ஒரு கல்யாண வீட்டில் என் பேச்சு வந்ததாம். நான் கல்லறையில் நின்று, 'சொன்னேன், அதுக்கு இப்ப என்னாங்கறீங்க' என்று திமிராகக் கேட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்தியும் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"அவ அப்படிச் சொல்லல, நான் அங்கதான் நின்னேன்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். ஐந்து வருடமாக நான் அவனுக்காகச் சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.